ஏற்காட்டுக் கல்வீடு: வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்விகள்

ஏற்காட்டில் லூப் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு மண்பாதையில் இறங்கினால், காப்பிச் செடிகளுக்கும் சில்வர் ஓக் மரங்களுக்கும் நடுவில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு பழைய கல் வீடு தெரியும். அதுதான் எங்கள் வீடு. தாத்தா இந்தத் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எப்படி வீடு எங்கள் கைக்கு வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் அதே பத்துப் பன்னிரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், ஒவ்வொரு சனி ஞாயிறும் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

கூரை ஓட்டில் 1865 என்று போட்டிருக்கிறதே, அப்போ கட்டிய வீடா?

இல்லைங்க. அது பாசல் மிஷன்காரர்கள் (சுவிட்சர்லாந்து, ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவப் பாதிரிமார்) மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். அந்த வருஷத்தைத்தான் ஓட்டில் அச்சாகப் போட்டார்கள். காப்பித்தூள் பாக்கெட்டில் கடை ஆரம்பித்த வருஷம் போட்டிருந்தால் தூள் அந்த வருஷம் அரைத்தது என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் ஓடு என்றதும் எல்லோரும் நினைக்கிறோம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா முழுக்க இந்த 1865-ஐ வைத்துத் தங்கள் வீட்டுக்கு வயது ஏற்றிக்கொண்டவர்கள் நிறைய.

ஓடு வேறு ஒரு விஷயத்தைச் சொல்லும். முதல் உலகப் போர் வந்ததும் பாசல் மிஷனின் தொழிற்சாலைகளை ஆங்கில அரசு எடுத்துக்கொண்டது, பிறகு அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனி கைக்குப் போயின. ஆகவே பாசல் மிஷன் பெயர் உள்ள ஓடு அதற்கு முந்தையது. ஆனால் இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய ஓட்டை இறக்கி வேறு கூரையில் ஏற்றுவது இங்கே சர்வ சாதாரணம். எங்கள் கூரையிலேயே மூன்று கம்பெனி ஓடு கலந்து கிடக்கிறது. என் கணிப்பு, முன்பக்க இரண்டு அறையும் திண்ணையும் காப்பி நன்றாக ஓடிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் கட்டியது, மற்றதெல்லாம் பிற்சேர்க்கை.

சமையல்கட்டுத் தரைக்கு மட்டும் உறுதியான சாட்சி இருக்கிறது. சிவப்புக் காவித் தரை விரிசல் விட்டு உடைத்தபோது அடியில் ஒரு ஓட்டைக் காலணா கிடைத்தது. நடுவில் துளை போட்ட அந்தக் காலணாவை 1943-லிருந்து 1947 வரைக்கும்தான் அடித்தார்கள், இரண்டாம் உலகப் போரில் செம்புக்குத் தட்டுப்பாடு என்பதால். ஆக அந்தத் தரை 1943-க்கு முன்னால் போட்டதாக இருக்க முடியாது. ஓடு பொய் சொல்லும், காசு சொல்லாது என்று சொல்ல ஆசைதான். ஆனால் காசு எப்போது விழுந்தது என்பது காசுக்கே தெரியாது.

ராபர்ட் கிளைவ் இங்கே தங்கினாராமே?

யாரோ ஒரு டூரிஸ்ட் கைடு கிளப்பிவிட்ட கதை. கிளைவ் கடைசியாக இந்தியாவை விட்டுப் போனது 1767-ல், செத்தது 1774-ல். சேலம் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்ததே 1792-ல், திப்பு சுல்தானோடு போட்ட ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கையில். காப்பி இந்த மலைக்கு வந்தது 1820-களில், காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில். செத்துப்போனவர் எப்படிங்க மலையேறுவார்?

சுரங்கப்பாதை எங்கே போகிறது?

பழக் களத்துக்குப் போகிறது. அது சுரங்கம் இல்லை, காப்பிப் பழத்தைப் பல்பரில் போட்டுத் தோல் உரித்த பிறகு கழுவுகிற தண்ணீர் வெளியேறும் கல் வாய்க்கால். குனிந்து போனால் இருபது அடியில் முடிந்துவிடும். பாம்பு இருக்கும், போகாதீர்கள்.

போர் நடந்தபோது இங்கே வெள்ளைக்காரர் யார் இருந்தார்?

யாருமில்லை! எல்லோரும் துரை, துரைசாணி, குதிரை, நாய் என்று ஏதாவது எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். தோட்டத்துத் துரை போர் ஆரம்பித்ததும் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது, சாவி தாத்தாவிடம்.

அப்புறம் 1942 ஏப்ரல் வந்தது. அந்த மாதம் 5-ம் தேதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ம் தேதி திருகோணமலையில். அடுத்தது மதராஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள், அரசாங்கமே அத்தியாவசிய வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போவது நல்லது என்று சொன்னதும் எழும்பூரிலும் சென்ட்ரலிலும் கூட்டம் நெரிந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஊருக்குள் வந்துவிடும் என்று மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி எல்லாவற்றையும் போலீஸை வைத்துச் சுட்டார்கள். ஒரு நகரம் தன் சிங்கத்தையே சுடுகிற அளவுக்குப் பயந்துவிட்டது என்றால் மனுஷர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்நாட்டு ஊர்களில் வீட்டு வாடகை ஏறியது. சேலத்தில் இடம் கிடைக்காதவர்கள் மேலே வந்தார்கள். தாத்தாவின் நாள்வழிக் கணக்கில் 'சித்திரபானு வருஷம் சித்திரை' என்று போட்டு, 'மதராஸ்காரர் வாடகை' என்று ஒரு வரி இருக்கிறது, அதுதான் இந்த வீட்டின் போர்க்காலத்துக்கு முதல் சாட்சி. துரைக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கித்தான் விட்டாரா, இல்லை விட்டுவிட்டு எழுதினாரா என்று ஆயாவை, அதாவது பாட்டியைக் கேட்டால் சிரிப்பாள்.

வந்தது இரண்டு குடும்பம். ஒன்று சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாவின் குடும்பம், அவர் மட்டும் ஆபீஸோடு எங்கோ போய்விட்டார், மனைவி, மாமியார், நான்கு பிள்ளைகள் இங்கே. இன்னொன்று ஜார்ஜ் டவுனில் காகிதக் கடை வைத்திருந்தவர் வீடு. முதல் வீட்டார் மடி ஆசாரம் பார்ப்பவர்கள், இரண்டாவது வீட்டில் கறி சமைப்பார்கள். ஒரே கூரை, ஒரே சமையல்கட்டு. நடுவில் ஒரு மரத் தட்டி வைத்துத் தடுத்தார்கள். தட்டியைப் பதித்த பள்ளம் சுவரில் இன்னும் இருக்கிறது, பார்க்கலாம்.

ஜன்னல் கண்ணாடியில் இருக்கும் அழுக்குத் தடம் என்ன? துடைத்தாலும் போகவில்லையே.

மைதாப் பசைத் தடம். மதராஸில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமல் ஜன்னலுக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டப் பழகியவர்கள், இங்கே வந்தும் அதையே செய்தார்கள், அதுவும் காகிதக் கடைக்காரர் வேறு, காகிதத்துக்கா பஞ்சம். சுற்றி ஐந்து மைலுக்கு மின்விளக்கு கிடையாது, இருப்பது ஒரு அரிக்கேன் விளக்கு, மண்ணெண்ணெய்யும் அளந்துதான் கிடைக்கும். அதற்குக் காகிதத் திரை. "கரடி வந்தா குண்டு போடப்போவுது" என்று ஆயா கிண்டல் செய்வாளாம். ஆனால் பிள்ளைகள் காகிதம் ஒட்டினால்தான் தூங்கின என்றும் அவளே சொல்வாள்.

அந்தக் காலத்தில் மலைக்கு எப்படி வந்தார்கள்?

சேலம் ஜங்ஷன் வரைக்கும் ரயில். அங்கிருந்து கரி பஸ். பெட்ரோல் ரேஷன் வந்துவிட்டதால் பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய தகர உருளை பொருத்தி, அதில் அடுப்புக்கரி போட்டு எரித்து, வருகிற வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். புறப்படும் முன்னால் ஒருவர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். சமதரையிலேயே அந்த வாயுவுக்கு இழுவை குறைவு. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் என்ன ஆகும்? ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கி நடப்பார்கள், ரொம்ப ஏற்றம் என்றால் தள்ளுவார்கள். குமாஸ்தாவின் மாமியார் மட்டும் கடைசி வரை இறங்கவே இல்லையாம், மடியில் ஊறுகாய் ஜாடி.

பர்மாவிலிருந்து நடந்து வந்த குடும்பம் இங்கே இருந்தது உண்மையா?

உண்மை. இந்த வீட்டைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைக் கேளுங்கள். ஆனால் இதைக் கேட்பவர்கள்தான் குறைவு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பர்மா அகதி என்றதும் பலர் நினைப்பது 1960-களில் வந்தவர்களை, ராணுவ ஆட்சி வந்து கடைகளைப் பிடுங்கிய பிறகு கப்பலில் வந்தவர்கள், சென்னை பர்மா பஜார் போட்டவர்கள். இது அதற்கு இருபது வருஷம் முந்தைய கதை. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் இருந்தார்கள், ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்தான். 1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது, அடுத்த மார்ச் 8-ம் தேதி ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் முதலில் தப்பினார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் பக்கம் ஒரு வழி, தமு வழியாக மணிப்பூருக்கு ஒரு வழி, வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கு ஒரு வழி. நாலைந்து லட்சம் பேர். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் பல ஆயிரம். வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, நம் ஆட்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து விட்ட கூத்தும் நடந்தது.

எங்கள் தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ரங்கூன் அரிசி ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மனைவி, மகன், வயதான அம்மா. தமு வழியில் நடந்து இம்பால் வந்து, திமாப்பூரில் ரயில் ஏறி, கல்கத்தா போய், மதராஸ் வந்து, சேலத்தில் இறங்கும்போது மூன்று பேர்தான். அம்மா எங்கே என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, வருஷா வருஷம் திவசம் எந்தத் திதியில் கொடுப்பது என்று மட்டும் ஒரு தடவை புரோகிதரிடம் கேட்டாராம். நாள் தெரியாதவர்களுக்கு மாளய அமாவாசை என்று அவர் சொல்ல, அதுவே நின்றுவிட்டது. இன்றைக்கும் அந்த அமாவாசைக்கு அந்தக் கிழவிக்கும் சேர்த்து ஒரு பிண்டம் வைக்கிறோம்.

அவர்களுக்குக் கொடுத்தது பின்பக்கம் காப்பி மூட்டை அடுக்கும் அறை. முன்னறைகளில் மதராஸ்காரர்கள், வாடகை தருகிறவர்கள். சொந்தக்காரன் மூட்டை அறையில். தாத்தா செய்தது சரியா என்று எனக்குள் இன்னும் ஒரு கணக்கு ஓடுகிறது. வாடகைப் பணத்தை அவர் துரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான்.

பெரியப்பாவுக்கு (அப்படித்தான் வீட்டில் எல்லோரும் சொல்வோம்) வழியில் பிடித்த மலேரியா விடவில்லை. கொயினா மாத்திரை கிடைக்கவில்லை, ஏனென்றால் உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு ஜாவாவிலிருந்துதான் வந்தது, ஜாவாவும் அதே மார்ச்சில் ஜப்பான் கையில். அவரை விரட்டிய அதே படைதான் அவருக்கு மருந்தும் கிடைக்காமல் செய்தது. குளிர் வந்து நடுங்கும்போது காப்பிச் சாக்குகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு மூடுவார்களாம். அந்த அறையில் நின்றால் இப்போதும் பழைய சாக்கு வாசம் வரும். வருகிறவர்கள் "என்ன ஒரு வாசனை, ஹெரிடேஜ்" என்கிறார்கள். சரி என்று விட்டுவிடுகிறேன்.

கூடத்தில் கண்ணாடி அலமாரியில் இருக்கிற அரக்குப் பூச்சு வெற்றிலைப் பெட்டி அவர்கள் கொண்டுவந்தது. பாதையில் எல்லாவற்றையும் வீசிவிட்டு இதை மட்டும் ஏன் சுமந்தார்கள் என்று கேட்காத ஆளில்லை. பெட்டி அந்தக் கிழவியுடையது.

என்ன சாப்பிட்டார்கள்?

பர்மா அரிசி நின்றுபோனதும் மதராஸ் மாகாணத்துக்கே அரிசிப் பஞ்சம். ரேஷனில் பாதி நாள் கோதுமை வரும், அதை என்ன செய்வது என்று அன்றைக்கு இங்கே யாருக்கும் தெரியாது, கஞ்சி வைத்துப் பார்த்து, உப்புமா கிண்டிப் பார்த்து, கடைசியில் மாவாக்கிச் சப்பாத்தி கற்றுக்கொண்டார்கள். மலையில் சாமையும் ராகியும்தான் கை கொடுத்தது. இங்கே பூர்வகுடிகளான மலையாளிகள் (கேரளாக்காரர் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நம் மலை மக்கள், காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வம்சம் என்பது அவர்கள் கதை) சாமையை விதைத்து, குத்தி, சோறாக்கிச் சாப்பிட்டவர்கள். குமாஸ்தா வீட்டம்மா முதல் நாள் சாமைச் சோற்றைப் பார்த்து அழுதுவிட்டாராம். ஆறு மாதம் கழித்து மதராஸ் திரும்பும்போது இரண்டு படி சாமை கட்டி எடுத்துப் போனார்.

பர்மாப் பெரியம்மா வாழைத்தண்டு போட்டு மீன் சாறு ஒன்று வைப்பார், மொகிங்கா என்று பெயர். மலையில் மீனுக்கு எங்கே போவது, கீழே சந்தையிலிருந்து கருவாடு வந்தால் அதில் வைப்பார். மடி வீட்டார் தட்டிக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திக்கொள்ள, சண்டை வரும். எங்கள் வீட்டில் இன்றும் மழை நாளில் வைக்கிறோம்.

காப்பித் தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் காப்பிக்குக் குறைவிருந்திருக்காதே?

அதுதான் வேடிக்கை. நம் காப்பியில் கணிசமான பங்கு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. போரில் அந்தச் சந்தை மூடிக்கொள்ள, விலை விழுந்தது. 1940-ல் சர்க்கார் சட்டம் போட்டு, தோட்டக்காரர் எல்லோரும் விளைந்ததைப் பொதுக் கிடங்கில் கொடுத்துவிட வேண்டும், காப்பிக்கென்று அமைத்த சர்க்கார் போர்டு விற்றுத் தவணை தவணையாகப் பணம் கொடுக்கும் என்று ஏற்பாடு செய்தது. பூல் என்பார்கள். போர்க்காலத்துக்கு என்று வந்த இந்த ஏற்பாடு 1990-களில்தான் முழுசாக விலகியது, என் அப்பாவே பூல் பணத்துக்குக் காத்திருந்தவர். வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம், மிச்சமெல்லாம் கணக்கில் போக வேண்டும். தாத்தா கணக்கில் கெட்டி. விருந்தாளிகளுக்குக் கிடைத்தது கழிவுக் கொட்டையில் போட்ட காப்பி, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி.

ஜெர்மன் உளவாளி ஒளிந்திருந்தானாமே?

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதுமே இந்தியாவில் இருந்த ஜெர்மன் ஆண்களைப் பிடித்து அகமதுநகர் முகாமுக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள், பிறகு டேராடூன். இங்கே மறைந்திருந்தது ஒரே ஒரு ஆள், காகிதக் கடைக்காரர், கடன்காரருக்குப் பயந்து.

பேய்?

மரநாய். கூரைக்கு அடியில் குடியிருக்கிறது, காப்பிப் பழம் சிவந்தால் ராத்திரி முழுக்க ஓட்டின் மேல் ஓட்டம்தான். வெள்ளைப் புடவை கட்டிய துரைசாணி என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. துரைசாணி புடவை கட்டுவாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சமையல்கட்டுச் சுவரில் கரிக்கோடுகள் எதற்கு?

தண்ணீர்க் கணக்கு. கோடை முற்றினால் கிணறு வற்றிவிடும், கீழே ஊற்றிலிருந்து ஒரு மலையாளிப் பெண் குடம் குடமாகச் சுமந்து வருவாள். ஒரு குடத்துக்கு ஒரு கோடு. தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் தனித்தனிக் குடம். அவள் உள்ளே வரக் கூடாது, பின்வாசல் படியில் இறக்கிவிட்டுப் போக வேண்டும், கோட்டை உள்ளே இருப்பவர்கள் போடுவார்கள். அவள் தன் கணக்கைத் தானே பார்த்ததில்லை. எண்ணிப் பார்த்தேன், அழியாமல் நிற்பது மட்டும் இருநூற்றுச் சொச்சம். வாடகை கொடுத்தவர் கணக்கு பேரேட்டில் இருக்கிறது, துரையின் கணக்கு பத்திரத்தில் இருக்கிறது, இவளுக்கு இருப்பது இந்தக் கரி மட்டும்தான். பெயர் ஆயாவுக்கும் தெரியவில்லை. "தண்ணிக்காரி"தான்.

மதராஸ்காரர்கள் எப்போது போனார்கள்? வீடு உங்களுக்கு எப்படி வந்தது?

மதராஸில் ஒன்றும் விழவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். எல்லோரும் ஊர் திரும்பி அக்கடா என்று உட்கார்ந்த பிறகு, 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து மதராஸில் நாலைந்து குண்டு போட்டுவிட்டுப் போனது. பர்மாக் குடும்பம் எங்கும் போகவில்லை. பெரியப்பா இங்கேயே இறந்தார், அவர் மகன்தான் சமையல்கட்டுக்குக் காவித் தரை போட்டவர். காலணா அவருடையதாக இருக்கலாம். சுதந்திரத்துக்குப் பிறகு துரை தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுச் சீமைக்குப் போனார். தாத்தா ஆயாவின் நகையை வைத்துக் கடன் வாங்கி வீட்டையும் ஒட்டிய நிலத்தையும் வாங்கினார்.

எங்கள் பழைய வீட்டைப் பற்றி நாங்களும் தேட வேண்டும், எங்கே ஆரம்பிப்பது?

சார்பதிவாளர் அலுவலகத்தில். ஆன்லைனில் வருகிற வில்லங்கச் சான்று ரொம்பப் பின்னால் போகாது, அதற்கு முந்தையதைக் கையால் தேடித் தரச் சொல்லி மனுப் போட வேண்டும். மூலப்பத்திரம் கிடைத்தால் நான்கு எல்லையைப் படியுங்கள், பக்கத்து நிலத்துக்காரர் யார் என்பதில் பாதிக் கதை இருக்கும். வருஷத்தில் ஏமாறாதீர்கள். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பும், 'சித்திரபானு' என்றால் 1882-ம் ஆகலாம், 1942-ம் ஆகலாம். நானே ஒரு மாதம் அறுபது வருஷம் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பசலி (நிலவரிக் கணக்குக்கான வருஷம்) போட்டிருந்தால் அதோடு 590 கூட்டுங்கள். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் என்பதால் 1352 என்றால் 1942 ஜூலை முதல் 1943 ஜூன் வரை. இதெல்லாம் அப்புறம். முதலில் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்றைக்கே உட்கார வைத்துப் பேச விட்டு போனில் பதிவு செய்யுங்கள். ஆயா சொன்னதில் பாதியை நான் காதில் வாங்காமல் விட்டவன்.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக. காசு வேண்டாம். பழம் பறிக்கும் நாட்களில், டிசம்பர் ஜனவரி வாக்கில், களத்தில் காப்பி காயும், அதன் மேல் நடக்காதீர்கள். மூட்டை அறைக்குள் செருப்போடு போகாதீர்கள். சமையல்கட்டில் கரிக்கோட்டைத் தொடாதீர்கள். போன கோடையில் யாரோ ஒரு ஜோடி அதன் மேலேயே இதயம் வரைந்து இரண்டு பெயரைக் கீறிவிட்டுப் போயிருக்கிறார்கள், அதில் பதினொரு குடம் போய்விட்டது.